தேங்காய்ப்பால் திரியும் வரை

முதலில் பிழிந்த கெட்டிப் பாலை எடுத்த எடுப்பிலேயே பிச்சைமணி சீனச்சட்டியில் ஊற்றியதைப் பார்த்ததும் ஆனந்தவள்ளி தடுக்கக் கையை நீட்டிவிட்டாள். நாலு தேங்காயின் தலைப்பால். விடிந்தும் விடியாமலும் எழுந்து துருவி, அரைத்து, கை நோகப் பிழிந்து கொடுத்தவள் அவள். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள். சொதிக் குழம்புக்குக் காயை மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்கப்போகிற நேரத்தில் தலைப்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் அடுப்பை அணைக்க வேண்டும் என்று கண்ணைத் திறக்காமலே ஒப்பிப்பாள். சொதியில் பாலைத் திரியவிட்டவள் என்று ஒருத்திக்குப் பேர் விழுந்தால் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பேர் போகாது.

"ஏங்க, அதக் கடைசிலல்லா ஊத்தணும்?"

"தெரியும், இரு."

தெரியும், இரு. எட்டு மாதமாக அந்த வீட்டில் அவள் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். மோட்டாரை நிறுத்தணுமே என்றால் தெரியும், இரு. மாத்திரை போட்டாச்சா என்றால் தெரியும், இரு. இந்தோனேசியாவில் படாம் என்கிற தீவில், கப்பல் கட்டுகிற இடத்தில் இருபத்திரண்டு வருடம் வெல்டராக இருந்துவிட்டுப் போன கார்த்திகையில் ஒரேயடியாக ஊர் திரும்பியவர் பிச்சைமணி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் சேர்ந்து குடித்தனம் நடத்தியது ஒரு வருடம்கூடத் தேறாது. அதற்காக ஆனந்தவள்ளி மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினவள் இல்லை. மகள் மாரிச்செல்வியைப் படிக்கவைத்து ஓசூரில் கட்டிக்கொடுத்தாள். மேலகரத்தில் இந்த வீட்டைக் கொத்தனாரோடு மல்லுக்கட்டி மாடிவரைக்கும் எழுப்பினாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் போனில் வருவார். போனில் இருந்த பிச்சைமணி தங்கமான மனுசன். முட்டுவலி எப்படி இருக்கு, அருவியில் தண்ணி விழுதா, பக்கத்து வீட்டு நாச்சியாரின் சண்டை தீர்ந்ததா என்று ஒன்று விடாமல் விசாரிப்பார். அந்த ஆள் நேரில் வந்து எதிரே உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோயிற்று. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரே கூரைக்கடியில் அவரை வைத்துக்கொண்டே அந்தப் போன் புருசனுக்காக ஆனந்தவள்ளி ஏங்கிக்கொண்டிருந்தாள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பாதி ஆளைத்தான் இறக்கிவிட்டார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். டிவி பார்க்கும்போது பார்க்கிற மாதிரி இருப்பார், பார்க்கமாட்டார். சாப்பிடும்போது என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தட்டைக் குனிந்து பார்ப்பார். மீதிப் பாதி ஆள் எங்கே இருக்கிறான், யாரிடம் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டால் போதும். நல்லதோ கெட்டதோ தெரிந்துவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாருக்குச் சோறு போடுவது?

அப்படிப்பட்ட மனுசன் மூன்று நாளைக்கு முன்பு தானாக வாயைத் திறந்து ஒன்று கேட்டார். "அங்கத்திய கறி ஒண்ணு ஆக்கணும். ரெண்டாங்னு பேரு. மாட்டுக்கறி. நானே ஆக்குதேன்."

மாட்டுக்கறி அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவள் அப்பா வீட்டிலும் ஏறியதில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் வாரியலைத் தூக்கி விரட்டியிருப்பாள். ஆனால் எட்டு மாதத்தில் இந்த மனுசன் ஆசையாகக் கேட்ட முதல் பொருள் அது. அடுப்படிக்குள் கூடாது, மொட்டை மாடியில் செங்கல் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தன் பாத்திரம் ஒன்றையும் தொடக்கூடாது, அந்தச் சட்டியைத் தான் தொடப்போவதில்லை, நாச்சியார் கேட்டால் ஆட்டுக்கறி என்று சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சட்டம் போட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தென்காசிக்குப் போய்ப் புதுச் சீனச்சட்டியும் மரக்கரண்டியும் வாங்கிவந்தார். செங்கோட்டையில் கேரளாக்காரர் கடையில் குடம்புளி. நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை. இருமலுக்கு இடித்துப் போடுகிற சித்தரத்தை கறியில் என்ன செய்யப்போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்று காலை வடகரைக்குப் போய் முகம்மது ஆசிக் கடையில் இரண்டு கிலோ கறியை வாழையிலையில் சுற்றி, பைக்குள் பை வைத்து, திருட்டுச் சாமான் மாதிரி மாடிக்குக் கொண்டுபோனார்.

மஞ்சள் இலையும் எலுமிச்சைப் புல்லும் மாடித் தொட்டியிலேயே இருந்தன. ஊருக்கு வந்த மறுவாரமே நட்டு வைத்தார். டீக்குப் போடவா என்று கேட்டதற்கு அன்றைக்கு ஆமா என்றார். ஒரு நாள்கூட டீயில் போடவில்லை.

மிளகாயும் உள்ளியும் பூண்டும் இஞ்சியும் அரைப்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது. மாடியில் கிடந்த பழைய அம்மியில் அரைத்தார். நாம் அரைக்கிற மாதிரி குழவியை முன்னும் பின்னும் உருட்டவில்லை. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, குழவியை ஒரு கையால் குறுக்கே பிடித்து, சாய்த்துச் சாய்த்து இழுத்தார். வெங்காயத் தோல் உரிப்பதற்குக்கூட அந்தக் காலத்தில் அவளைக் கூப்பிட்ட ஆள். யாரோ அரைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் பார்த்தவருக்குத்தான் அந்த உட்காருகிற தோரணையே வரும்.

"எங்க கத்துக்கிட்டிய?"

"கம்பெனி மெஸ்ல."

ஐந்நூறு பேர் சாப்பிடுகிற மெஸ்ஸில் எவன் அம்மியில் அரைத்தான் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, சிரட்டையை அடுப்புக்குள் தள்ளினாள்.

பத்து மணிக்குச் சட்டி ஏறியது. அவர் நகரவே இல்லை. பால் கொதித்துப் பொங்கி வருவதும், கறி புரளுவதும், மரக்கரண்டி அடியைத் தடவித் தடவிச் சுற்றுவதுமாக இரண்டரை மணி நேரம் ஓடியது. நல்ல ஆடி மாசக் காற்று. மலைமேல் மேகம் படுத்துக் கிடந்தது. குற்றாலத்துக்குப் போகிற கார்களின் சத்தம் ரோட்டில் ஓயவில்லை. சீசனுக்கு எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த நாச்சியார் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன மைனி, அண்ணாச்சி சமையலா? மணம் எங்க வீட்டு நடு ஊடு வரைக்கும் வருதே!"

"ஆட்டுக்கறி. வெளிநாட்டு மசாலா."

"குடுத்து வச்சவ நீ. எங்க வீட்ல உள்ளது தண்ணிகூட மோந்து குடிக்காது," என்றபடி நாச்சியார் இறங்கிப் போனாள். குடுத்து வச்சவ என்ற சொல்லை ஆனந்தவள்ளி மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் முகம் மாறியது. "கிளறிக்கிட்டே இரு. கைய நிறுத்திராத," என்று கரண்டியை அவள் கையில் திணித்துவிட்டுக் கீழே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தொடமாட்டேன் என்றவள் தொட்டாயிற்று. சரி, கரண்டிதானே என்று கிளறினாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். சட்டியில் பால் குறைந்து குறைந்து, ஓரத்தில் பிரிபிரியாக விட்டு, எண்ணெய் தனியாக மிதக்க ஆரம்பித்தது. மசாலா கெட்டியாகி நிறம் கறுத்தது. திரிந்துவிட்டது! அடியும் பிடிக்கப்போகிறது! என்னங்க, என்னங்க என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். கீழே கதவு திறக்கவில்லை. ஆசையாகக் கேட்ட ஒரே சாப்பாடு தன் கையில் இருக்கும்போது கெட்டுப்போவதா? அவரிடம் கெட்டுப்போச்சு என்று சொல்கிற நிலைமை வருவதா? சட்டென்று விறகை வெளியே இழுத்தாள். ஒரு செம்புத் தண்ணீரைச் சட்டியில் விட்டாள். தூக்குவாளியில் மீதியிருந்த இரண்டாம் பால் முழுவதையும் ஊற்றி நிதானமாகக் கலக்கினாள். எண்ணெய் அடங்கியது. குழம்பு மறுபடி வெள்ளை கலந்து, தளதளவென்று, கல்யாண வீட்டுச் சொதி மாதிரி அழகாக நின்றது. அப்பாடா என்று நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் வந்தபோது அரை மணி நேரம் கழிந்திருந்தது.

"நல்ல வேளை நான் இருந்தேன்," என்றாள். குரலில் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. "திரிஞ்சு எண்ணெயா நின்னுட்டு. தண்ணி விட்டு, பாலும் ஊத்தி ஒரு வழியாக் காப்பாத்திட்டேன்."

பிச்சைமணி சட்டியைப் பார்த்தார். கரண்டியால் ஒருமுறை அள்ளி விட்டார்.

"திரியணும்ட்டி," என்றார். "திரிஞ்சு, எண்ணெ பிரிஞ்சு, அந்த எண்ணெயிலயே கறி கெடந்து கறுக்கணும். அதுதான் அது."

அவ்வளவுதான் சொன்னார். கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பெத்த அம்மை செத்து மூன்றாம் நாள் வந்து இறங்கியவர், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பந்தல்காரனிடம் பேசியவர், ஒரு சட்டிக் குழம்புக்காக இப்படி அழுவாரா? ஆனந்தவள்ளிக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்வி தானாக வந்து வாயில் நின்றது.

"யாருக்கு ஆக்குதிய?"

அவர் துண்டை இன்னும் இறுக்கிப் பொத்தினார்.

"எங்கிட்ட சொல்லுங்க. ஆளு அங்கன இருக்காளா?"

"இல்ல." துண்டுக்குள்ளிருந்து வந்த குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "போயிட்டா. சொவாசக் கோளாறு. இன்னைக்கு நாப்பது. அங்கன நாப்பதாம் நாளு ஓதி, எல்லாருக்கும் சோறு போடுவாவ. கூட வேல பாத்தவன் இப்ப போன்ல காமிச்சான். ரெண்டாங் வச்சிருந்தாவ."

நாற்பது நாள். ஆனி பிறந்த சமயம் ஒரு காலையில் இவர் துண்டுகூட எடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனது அவளுக்கு நினைவு வந்தது. சொட்டச் சொட்ட வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அருவித் தண்ணி அடிச்சிருக்கு என்று நினைத்துத் தலையைத் துவட்டிவிட்டு, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கேதம் கேட்டுத் தலைமுழுகிவிட்டு வந்தவருக்குத்தான் அந்தக் காப்பி போயிருக்கிறது. இவர் கட்டின தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இவர் இன்னொருத்தியைப் பறிகொடுத்த துக்கத்துக்குத் தான் தலை துவட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

"எத்தன வருசம்?"

"பதினாலு."

"பிள்ள?"

இல்லை என்று தலையாட்டினார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இறங்கிய அந்தக் கணமே, செத்தவள் பிள்ளை இல்லாமல் செத்ததற்கு நான் மூச்சு விடுகிறேனே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"பேரு?"

"யுஸ்னி. கப்பல் யார்டு வாசல்ல சோத்துக்கடை வச்சிருந்தா. ஞாயித்துக்கெழம அவ இத ஆக்குவா. நான் கிளறுவேன். எனக்குக் கிளற மட்டுந்தான் தெரியும் ஆனந்தி. மத்ததெல்லாம் பாத்தது."

ஆனந்தி என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. போனில்கூடக் கூப்பிட்டதில்லை. இந்த நேரத்தில் போய், அந்தப் பேருக்குப் பின்னாலேயே இந்தப் பேரும் வருகிறது. ஆனந்தவள்ளி எழுந்து நின்றாள். சட்டி அவள் காலடியில்தான் இருந்தது. ஒரு எத்து எத்தினால் போதும், நாலு தேங்காயும் இரண்டு கிலோ கறியும் பதினாலு வருடமும் தளத்தில் ஓடி, மழைத்தண்ணீர்க் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தடுக்கவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு, எத்திக்கோ என்பது போல் உட்கார்ந்திருந்தார். அந்த உட்காருதலைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிஜமான கோபம் வந்தது.

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுது. புல்லு நட்டு, எல நட்டு, ஊரெல்லாம் அலைஞ்சு புளி வாங்கி, அழுதுக்கிட்டே ஆக்குதிய. சரி. நான் செத்தா பதினாறுக்கு எனக்கு என்னத்த ஆக்கிப் படைப்பிய?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க. இருவத்தி ரெண்டு வருசம் தெனமும் போன்ல, என்ன சாப்பிட்டே என்ன சாப்பிட்டேன்னு கேட்டிய. பிடிச்சதாச் சாப்பிட்டியான்னு ஒரு நாளு கேக்கல. ஒத்தையில கெடந்து பழைய சோத்தத் தின்னுட்டு, இட்லினு சொல்லுவேன். ஒங்களுக்கு அது தெரியாது. எனக்கு என்ன பிடிக்கும்?"

பிச்சைமணி தேடுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பரீட்சையில் முழிக்கிற பையன் மாதிரிதான் இருந்தது அந்த அறுபது வயது முகம்.

"உளுந்தஞ்சோறா?"

"அது ஒங்க அம்மைக்குப் பிடிக்கும்."

"மீன் கொழம்பு..."

"அது ஒங்களுக்கு. முள்ளு எடுத்துக் குடுத்தே எனக்கு அதுமேல ஆச போயிட்டு."

"முறுக்கு?"

"அது மாரிச்செல்விக்கு."

அவர் தலை குனிந்துவிட்டது. அவர் முழுசாக வந்து சேரவில்லை என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்பது இப்போதுதான் வெளிச்சமாயிற்று. சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்காக உள்ளே அழுதுகொண்டிருந்தவரும் தனி. இந்தப் பக்கம் பழைய சோற்றை இட்லி என்று சொன்னவளும் தனி. செத்தவளுக்கு இவளைப் பற்றி என்ன தெரிந்திருந்ததோ, அதைக் கேட்பதற்கும் இனி வழியில்லை.

சாரல் பிடித்தது. மலையிலிருந்து காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து மாடிமேல் போட்டது. அடுப்பில் சுருக் சுருக்கென்று சத்தம். சாம்பல் நனைந்தது. இழுத்து வெளியே போட்டிருந்த விறகு புகைந்தது. பிச்சைமணி எழுந்திருக்கவில்லை. சட்டியில் துளித்துளியாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி இருந்தார்.

ஆனந்தவள்ளி படியிறங்கிப் போனாள். அவள் போன வேகத்தைப் பார்த்தவர் யாரும் திரும்பி வருவாள் என்று நினைக்கமாட்டார்கள். அவரும் நினைத்திருக்கமாட்டார். கீழே கூடத்தில் வந்து நின்றாள். வீடு எப்போதும் போலச் சும்மா கிடந்தது. கட்டில்மேல் அவர் போன் கிடந்தது. எடுத்துப் பார்க்கலாம். அந்த முகம் அதற்குள் இருக்கும். பதினாலு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கும். கையை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் மாரிச்செல்வி விட்டுப்போன பூப்போட்ட குடையை எடுத்தாள்.

மாடிக்கு வந்து குடையை விரித்துச் சட்டிக்கு மேலே பிடித்தாள். காலால் விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?"

"நீ தண்ணி விட்டதுக்கு... ரெண்டு மணி நேரம்."

"கிளறுங்க. அடிப்பிடிக்கும்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தவழ்ந்து வந்து கரண்டியைப் பிடித்தார். நெருப்பு மெல்ல மெல்லப் பிடித்தது. சின்னக் குடை. சட்டிக்கும் அடுப்புக்கும்தான் காணும். அவர் முதுகும் அவள் தலையும் வெளியேதான் இருந்தன. முந்தானை நனைந்து தோளில் ஒட்டியது. நாச்சியார் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்துவிட்டுப் போகட்டும். கண்ணீர் வந்தது. சாரலில் அது யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதாள். மன்னித்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாளைக்கு இந்த மனுசனுக்குச் சோறு போடுவாளா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. தீ அணையக்கூடாது என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, மிகவும் மெதுவாக அவர் கேட்டார்.

"பனங்கிழங்கா?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். அதில் குடை ஆடி, கம்பி நுனிகளில் திரண்டு நின்ற தண்ணீர் அவர் பிடரியில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. கிளறிக்கொண்டே அடுத்த பேரை யோசித்துக்கொண்டிருந்தார்.